நாலாம் நம்பர் அட்டை

குரு ஜெபக்கனிக்கு வயது முப்பத்துமூன்று. சீடர் நயினாருக்கு ஐம்பத்தொன்று. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர், அவ்வளவுதான்.

இடம், திருநெல்வேலிக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கம். மூடிப்போன கல்குவாரிக்குள் இருக்கிறது. போட்டிக்குப் பழகுகிறவர்கள் வந்து காகித வட்டத்தைச் சுட்டுவிட்டுப் போவார்கள். சங்கத்துத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது ஜெபக்கனியின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர்.

நயினார் இருபத்தாறு வருஷம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். ரைஃபிளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால் போட்டித் துப்பாக்கி வேறு சாதி. முதல் நாள் ஒன்றைப் பிரித்து மாட்டினார். மாட்டி முடித்த பிறகும் மேசையில் ஒரு குட்டி ஸ்பிரிங் மீதி கிடந்தது. ஜெபக்கனி அதற்குப் பதில் வேறொன்றை உள்ளே மாட்டினார். மீந்ததை ஒரு மாத்திரை பாட்டிலில் போட்டு, ‘நயினார் அண்ணாச்சி சேமிப்பு’ என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தார். சுடப் பழகும் பையன்கள் வரும்போதும் போகும்போதும், சேமிப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது அண்ணாச்சி என்று கேட்பார்கள். நயினாரும் சிரிப்பார். மூன்று மாதத்தில் பாட்டிலில் நாலு சேர்ந்தன. அதற்கு மேல் சேரவில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அட்டை உண்டு. துப்பாக்கியில் யார் கை வைத்தாலும், யாரால் அதற்கு என்ன ஆனாலும், அவரே தன் கையால் அட்டையில் எழுத வேண்டும். சரி செய்ததையும் எழுத வேண்டும், கெடுத்ததையும் எழுத வேண்டும். எழுதினவரை ஜெபக்கனி ஒரு வார்த்தை திட்ட மாட்டார்.

நயினார் ஒன்றை எழுதவில்லை. சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடலாம். நாலாம் நம்பர் துப்பாக்கியின் மெயின் ஸ்பிரிங்கில் இரண்டு சுருளை அவர் வெட்டி எடுத்திருந்தார். நாலாம் நம்பரைச் சுடுவது அவர் மகள்.

மகள் பெயர் முத்துப்பேச்சி. வயது இருபது. வீட்டில் அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுவாள். மீதி நேரம் குவாரியில். ஜூனியர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். மாநில அணிக்கு ஆள் எடுக்க இரண்டு தேர்வு வைப்பார்கள். இரண்டில் எதில் நன்றாகச் சுடுகிறார்களோ அதை எடுத்துக்கொள்வார்கள். முதல் தேர்வில் அவளுக்கு இரண்டு தோட்டா வெடிக்கவில்லை. முதல் தடவைக்குத் திரும்பச் சுட விட்டார்கள். இரண்டாவது தடவைக்கு விடவில்லை. அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். மூன்று புள்ளியில் இடம் போனது.

அன்று சாயங்காலமே ஜெபக்கனி வேறு மாநிலத்தில் நடந்த போட்டிக்கு வேலையாக ரயிலேறிவிட்டார். போகும் முன் நாலாம் நம்பரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியில் சிவப்பு நூல் கட்டினார். சிவப்பு நூல் கட்டினால் அவர் வரும்வரை யாரும் தொடக்கூடாது.

பதினோரு நாள் கழித்து வந்தார். காலையில் அறையைத் திறக்கும்போது நயினார் வாசலில் நின்றார். நாளைக்கு மத்தியானத்துக்குள் இரண்டாவது தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், பேச்சி கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்றார்.

“என்ன சொல்லுதா?” என்று கேட்டார் ஜெபக்கனி.

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா, டீச்சர். முந்தி பீடி சுத்தும்போது இந்த ஆள்காட்டி விரல்ல துணி சுத்தியிருப்பா. சுடுத விரல்லா. இப்ப துணியக் கழட்டிப் போட்டுட்டா. இனிமே என்னத்துக்குன்னு கேக்கா. அவ அம்மாவ விட வேகமாச் சுத்துதா.”

ஜெபக்கனி பையை இறக்கி வைத்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். தோட்டாதான் கோளாறுன்னு. வந்து இறங்கின பெட்டியே சரியில்லன்னு. நீங்க சொன்னா நம்புவா.”

“நீங்க சொல்லலாமே.”

“அப்பன் சமாதானத்துக்குச் சொல்லுதான்னு நெனைப்பா.”

“தோட்டாதானா?”

“வேற என்ன இருக்கப் போவுது?”

ஜெபக்கனி சிவப்பு நூலை அறுத்தார். “மேசைக்கு வாங்க” என்றார்.

தேர்வில் கொடுத்த அதே தோட்டாப் பெட்டியில் பதினைந்து இருபது மிச்சம் இருந்தன. ஜெபக்கனி அதில் பத்தை எடுத்தார். இரண்டாம் நம்பர் துப்பாக்கியில் போட்டு, வெளியே போய் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். பத்தும் வெடித்தன.

“இரண்டாம் நம்பருக்கு அடி பலம் ஜாஸ்தி டீச்சர். அதான் வெடிக்கு” என்றார் நயினார்.

“அப்ப நாலாம் நம்பருக்கு அடி பலம் கம்மி. நீங்களே சொல்லிட்டீய.”

நயினார் இரண்டாம் நம்பரை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

இந்தத் துப்பாக்கியில் நடப்பது இவ்வளவுதான். உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கிறது, அதை ஹாமர் என்பார்கள். அதன் முதுகில் மெயின் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு நிற்கும். ட்ரிக்கரை இழுத்தால் ஹாமர் விடுபட்டுப் போய் ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் விளிம்பைக் குத்தும். தோட்டா வெடிக்கும். அடி லேசாக விழுந்தால் விளிம்பில் சின்னப் பள்ளம்தான் விழும், வெடிக்காது. பேச்சியின் இரண்டு தோட்டாவிலும் பள்ளம் அப்படித்தான் இருந்தது.

ஜெபக்கனி துப்பாக்கியைப் பிரித்து ஊசியை வெளியே எடுத்தார். லென்ஸை நயினாரிடம் கொடுத்தார்.

“முனை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“மழுங்கலியே?”

“இல்ல டீச்சர்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

நயினார் மறுபடி பார்த்தார். ஊசி புதுசு போல இருந்தது. தோட்டா உட்காரும் துளையின் வாயில், ஊசி விழும் இடத்தில், லேசாக ஒரு கீறல், அதனால் ஒன்றும் ஆகாது. அப்படியே சொன்னார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஊசியில ஒரு குறையும் இல்ல.”

எதற்கு ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார் என்று நயினாருக்கு விளங்கவில்லை. ஜெபக்கனி ஊசியைத் துணியில் சுற்றித் தனியாக வைத்தார்.

அடுத்து ஹாமர். பக்கச் சுவரில் உரசினால் அதன் வேகம் போய்விடும். உரசினால் பளபளவென்று கோடு விழுந்திருக்கும். கோடு இல்லை. அதன் அச்சு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தார்கள். நேராக உருண்டது. அழுக்கு இல்லை. எண்ணெய் கெட்டியாகவில்லை.

மிச்சம் இருந்தது ஸ்பிரிங்தான்.

நயினார் எழுந்தார். டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். டீக்கடை குவாரி வாசலிலேயே இருக்கிறது, போக வர ஐந்து நிமிஷம். அவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். ஜெபக்கனி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங் இன்னும் துப்பாக்கிக்குள்ளேயே இருந்தது.

“எடுக்கலியா டீச்சர்?”

“நீங்க எடுங்க.”

நயினார் டீயைக் கீழே வைத்தார். ஸ்பிரிங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உடனே மூடிக்கொண்டார்.

“களைச்சுப் போச்சு போல. பழைய ஸ்பிரிங்குதான” என்றார்.

அது அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பொய்.

ஜெபக்கனி இழுப்பறையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் எடுத்தார். ஒன்று புதுசு. மற்றது ஒன்பது வருஷம் உழைத்து, கழற்றிப் போட்டது. கட்டம் போட்ட தாளை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். மூன்றாவதுக்கு இடம் விட்டார். நயினார் கையைத் திறந்து வைத்தார்.

“எண்ணுங்க” என்றார் ஜெபக்கனி.

புதுசில் பதினேழு சுருள். பழசு நாலு கட்டம் குட்டையாக இருந்தது. அதிலும் பதினேழு சுருள்.

“பாத்தீயளா, களைச்ச ஸ்பிரிங் குட்டையாத்தான் போவும். சுருள் குறையாது. இப்ப இத எண்ணுங்க.”

நயினார் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினைந்தில் நின்றார். மறுபடி கீழே இருந்து ஆரம்பித்தார். மறுபடியும் பதினைந்தில் நின்றார். நுனியில் கட்டிங் பிளேயர் கடித்த இடம் இன்னும் மினுங்கியது.

ஜெபக்கனி டீயை எடுத்துக் குடித்தார். அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் நயினார் சொன்னார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், பீடி சுற்றிச் சுற்றிப் பேச்சியின் விரல் வீங்கியிருந்ததாம். உப்புத் தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளாம். ட்ரிக்கர் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அவருக்குத் தாங்கவில்லை.

“விரலுக்குக் கொஞ்சம் லேசா இருக்கட்டும்னுதான் டீச்சர் செஞ்சேன். ஸ்பிரிங்கக் கொறச்சா ட்ரிக்கரும் லேசாயிடும்லா. ட்ரிக்கருக்கு ஒரு கிலோவுக்குக் கீழ போவக் கூடாதுல்லா. எடை கட்டித் தூக்கிப் பாத்தேன். சரியா நின்னுச்சு. போட்டிச் சட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு.”

“அவகிட்ட சொன்னீயளா?”

“சொல்லல. மறுநாள் சுட்டுட்டு அவளே வந்து கேட்டா. ‘இன்னைக்கு என்னப்பா பூ மாதிரி இருக்கு’ன்னா. நான் எண்ணெய் போட்டேன்னு சொன்னேன்.”

“சுட்டுப் பாத்தீயளா?”

“நூறு ரவுண்டு. ஒண்ணு கூடச் சிக்கல.”

“எந்தத் தோட்டா?”

“பழகுத தோட்டா” என்றார். “அது விளிம்பு மெல்லிசு. போட்டிக்குக் குடுக்கது கெட்டின்னு எனக்குத் தெரியும் டீச்சர். இருபத்தாறு வருஷம் தோட்டாவுக்குள்ளதான கெடந்தேன். அன்னைக்குத் தோணல.”

ஜெபக்கனி வெட்டுப்பட்ட ஸ்பிரிங்கை எடுத்து விரலுக்கிடையில் அழுத்தி விட்டார். அது லேசாகத் துள்ளி நின்றது.

“விரல்ல இருந்து பாரத்த எடுத்தீய. அது ஹாமரோட அடியில இருந்துதான் போச்சு” என்றார்.

“தப்புதான்.”

“எழுதணும்லா?”

நயினார் தலையை ஆட்டினார். எழுதுகிறேன் என்றார். பேச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். அட்டையை யார் பார்க்கப் போகிறார்கள், அதில் எழுதிவிடுகிறேன், அவளிடம் தோட்டா என்றே சொல்லிவிடுவோம் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் சொன்னது அதுதான்.

ஜெபக்கனி அலமாரியிலிருந்து நாலாம் நம்பர் அட்டையை எடுத்து, ஒரு பேனாவோடு அவர் முன்னால் வைத்தார்.

நயினார் அந்த அட்டையைத் தொட்டு இரண்டரை வாரம் ஆகியிருந்தது. சுருளை வெட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. எழுத இடம் தேடி விரலைக் கீழே கொண்டுபோனார். கடைசி வரிகள் ஜெபக்கனி எழுத்து இல்லை. அவர் எழுத்தும் இல்லை. குண்டு குண்டாக, பள்ளிக்கூட எழுத்து. தேதி, தேர்வு நடந்த அன்று.

‘ஒருநாள் டம்மி போடாமல் வெறும் ட்ரிக்கர் இழுத்துப் பழகினேன். முப்பது தடவை இருக்கும். டம்மித் தோட்டா போடாமல் இழுத்தால் ஊசி இரும்பில் அடித்துக் கெட்டுப்போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் மறந்துவிட்டேன். ஊசி என்னால்தான் மழுங்கியிருக்கிறது. இரண்டு தோட்டா வெடிக்காததற்கு நான்தான் காரணம். எங்கள் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அவர்கள் இந்தத் துப்பாக்கியைத் தினமும் துடைத்து வைக்கிறார்கள். – ந. முத்துப்பேச்சி.’

‘துடைத்து’ என்ற இடத்தில் ஒரு அடித்தல் இருந்தது. முதலில் வேறு என்னமோ எழுதி அடித்திருக்கிறாள்.

நயினார் அதைப் படித்தார். துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்த ஊசியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

“எப்ப வந்தா?” என்று கேட்டார்.

“தேர்வு முடிஞ்சு நேரா வந்தா. நான் ரயிலுக்குக் கிளம்பிட்டிருந்தேன். சாப்பிடல. பையக் கூட இறக்கல. நின்னுக்கிட்டே எழுதினா.”

“நீங்க ஒண்ணும் சொல்லலியா டீச்சர்?”

“பிரிச்சுப் பாக்காம நான் என்னத்தச் சொல்ல? வந்து பாத்துச் சொல்லுதேன்னேன். நூலக் கட்டிட்டுப் போனேன்.”

பதினோரு நாள் பேச்சி அதை வைத்துக்கொண்டு பீடி சுற்றியிருக்கிறாள். பதினோரு நாள் நயினார் இதை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். ஒரே வீடு. ஒரே பல்பு வெளிச்சம்.

நயினார் பேனாவை எடுத்தார். மகள் எழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். மூன்றே வரி. அதற்கு ரொம்ப நேரம் ஆனது. ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். ‘இரண்டு சுருள் நான் வெட்டினேன்’ என்று எழுதினார். ‘ஊசியில் குறை இல்லை’ என்று எழுதினார். அதை மட்டும் கொஞ்சம் பெரிசாக எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு, புது ஸ்பிரிங் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றார் ஜெபக்கனி. நயினார் ஸ்பிரிங்கைப் போட்டு ஹாமரை மாட்டினார். ஊசியை மாட்டினார். மேசையில் ஒன்றும் மீதி இல்லை. அதைப் பார்க்க அன்றைக்குப் பையன்கள் யாரும் இல்லை.

அதே பெட்டியில் மிச்சம் இருந்த போட்டித் தோட்டாக்களைப் போட்டு வெளியே போய் அவரே சுட்டார். எல்லாம் வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கியது. இருபத்தாறு வருஷம் இந்தச் சத்தத்துக்குள் இருந்தவர்.

உள்ளே வந்து துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பெயர் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஜெபக்கனி அட்டையில் மை காய்வதற்காக மின்விசிறிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“இப்ப சரியாயிடுச்சா டீச்சர்?”

“துப்பாக்கி சரியாயிடுச்சு.”

நயினார் நின்றுகொண்டே இருந்தார். அலமாரியில் அவர் பெயர் ஒட்டிய பாட்டில் இருந்தது. அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“இந்த அட்டையை நீங்க கொண்டுபோய் அவகிட்ட காட்டுதீயளா? உங்களத் திட்ட மாட்டா. உங்ககிட்ட அழக்கூட மாட்டா. என்னால முடியாது டீச்சர். அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால முடியாது.”

ஜெபக்கனி அட்டையை எடுத்தார். மை காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அவரிடம் நீட்டினார்.

“அவ எழுத வந்த அன்னைக்கு, அண்ணாச்சி, தனக்குப் பதிலா யாரையும் அனுப்பல.”